கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்

ஒருவர் உங்களுடைய வயலினைக் கேட்டால் முதலில் அவருடைய விரல்களைப் பாருங்கள். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கேட்கும்போது எல்லோருடைய முகமும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு அவர்களே, உங்களுக்கு இது தேவையில்லாத பேச்சாகத் தோன்றலாம். போன வருடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னை விசாரித்தபோது வயலினைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரிசியைப் பற்றியே கேட்டீர்கள். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரவல் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாலு பேர் நடுவில் கேட்கக் கூடாது. மறுப்பதற்கு உடையவருக்கு இடம் விட வேண்டும். கையைக் கழுவ வேண்டும். வில்லின் மயிரைத் தொடக் கூடாது. கம்பியின் சுருதியை மாற்றக் கூடாது. உடையவர் எழுந்து நின்றால் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். உடையவரைவிட நன்றாக வாசிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே தெரிந்திருக்க வேண்டியது அது.

என் பெயர் டொரீன். அப்பா லியோனார்ட் இந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். நான் சென்னைக்குப் போய் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. வாங்கினேன். இப்போது கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பேச்சு எனக்கு வராது. வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன். வயலின் சென்னையில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றது. பட்டணத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான்தான் வாசிக்கிறேன். ஐந்து பாட்டு தெரியும். ஐந்தும் சரியாகத் தெரியும்.

பெர்னாட் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் மனைவி ரோசரியோடு இருந்தார். முப்பது வயது இருக்கலாம். பாட்டை எழுதி வைத்தால் படிக்கத் தெரியாது. பிடில் எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜப்பான்காரன் காலத்துல, மிஸ். சயாம் ரயிலு போட்டப்ப. கூட்டாளி ஒருத்தரு ஒண்ணு வெச்சிருந்தாரு. அவரு செத்துட்டாரு. பிடிலு கொஞ்ச நாளு இருந்துச்சு."

செத்தவருடைய பிடிலை யாரிடம் அனுமதி கேட்டு வாசித்தார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

என்னிடம் அவர் முதல் தடவை கேட்டது பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் தோட்டத்து லோரிக்காகக் காத்திருந்தபோது. நாற்பது பேர் இருப்பார்கள்.

"மிஸ், அஞ்சே நிமிஷம். வாசிச்சுப் பாத்துட்டுக் குடுத்துடுறேன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கை கழுவிவிட்டு வாருங்கள்" என்று வந்தது. பால் வெட்டுகிறவர்களின் கையில் ரப்பர் பால் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினால் போகாது. போகாது என்பதால்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சவுக்காரம் போட்டுக் கழுவிய கைகளோடு வந்து நின்றார். நகம் நீளம் என்றேன். அதற்கடுத்த வாரம் ஒட்ட வெட்டியிருந்தார். வியர்வையில் அமிலம் இருக்கிறது, மெருகு போய்விடும் என்றேன். தோளில் போட்டுக்கொள்ள வெளுத்த துண்டு ஒன்று கொண்டுவந்தார். வெற்றிலை போடுகிறவர்களின் மூச்சு மரத்துக்கு ஆகாது என்றேன். அப்படி ஒரு விஞ்ஞானம் கிடையாது. அவர் வெற்றிலையை விட்டுவிட்டார்.

பக்கத்து லயத்துத் தாயம்மா லோரியின் மேலிருந்து கத்தினார்:

"யே பெர்னாடு, நீ பிடிலத் தொடுறியா, நற்கருணையத் தொடுறியா? சாமியாரே இத்தன தடவ கை கழுவ மாட்டாரு."

"நற்கருணைய நாக்குலதான் குடுப்பாங்க அக்கா. மிஸ்ஸு கையிலயே குடுக்குறாங்க லா."

லோரி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். சொல்லி வைத்த நிபந்தனைகள் தீர்ந்துபோயின. கொடுத்தேன்.

அவர் வாசித்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோரி டிரைவர் எஞ்சினை அணைத்தார். அவ்வளவுதான்.

சரியாக ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். கெடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "ரொம்ப நன்றிங்க மிஸ்" என்றார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிடம். ஒருமுறை கையில் வாங்கியதும் கம்பியைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். ரெண்டாவது கம்பி எறங்கிக் கெடக்கு. ஏத்திக்கிடவா?"

அன்று பூசை முழுவதும் அந்தக் கம்பியில்தான் வாசித்திருந்தேன். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அனுமதி கேட்டார் என்பதை மறுக்க முடியாது. எதற்கும் கேட்டார். அதுதான் அவரிடம் இருந்த குறை. கேட்காமல் எடுத்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். கீறல் விழ வைத்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். குறை சொல்ல அவர் எனக்கு எதையும் விட்டுவைக்கவில்லை.

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைப்பட்டிருந்தால் அவரைப்போல வாசிக்க ஆசைப்பட்டிருப்பேன். என் ஆசை என் பெட்டி மூடியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

1952 பிப்ரவரியில் ராஃபேல் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"டொரீன், இந்த ஈஸ்டருக்குப் பெர்னாட் வாசிக்கட்டுமே. வாசல்ல உயிர்ப்புப் பாட்டுக்கு முன்னால சொந்தமா ஒண்ணு வாசிக்கிறாரு பாரு, நாலு நிமிஷம். அதக் கேட்டா கல்லறைக் கல்லு தானா உருண்டுடும். நீ வயலின மட்டும் குடு. உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

வாரத்துக்கு இருபது நிமிடம் வாசிக்கிற எனக்கு ஓய்வு தேவைப்படவில்லை. "சரி ஃபாதர்" என்றேன்.

இனி வாசலைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலிடத்தில் இதைப் படிக்கப்போகும் அதிகாரிகளுக்காக எழுதுகிறேன். 1951இல் எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. போகிறவர்களைக் காவலர்கள் சோதிப்பார்கள். முடிச்சை அவிழ்ப்பார்கள், வாளியைக் கவிழ்ப்பார்கள், பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள்.

டிரஸ்ஸர் குடும்பத்தைச் சோதிப்பதில்லை. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் லோரியின் முன்சீட்டில் அப்பா பக்கத்தில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினான்கு வாரம் குறித்து வைத்தேன். ஒருமுறைகூடத் திறக்கச் சொல்லவில்லை. பின்னால் நிற்பவர்களின் ஜெபமாலைப் பையைக்கூட உதறிப் பார்த்தார்கள். அதே வாசலில் அதே பெட்டி வேறொரு கையில் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பரிசோதனை தேவையில்லை. ஆனாலும் செய்து பார்க்காத எதையும் நான் முடிவு என்று எழுதுவதில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் பெர்னாட் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் படியருகில் நின்றார். கூட வெட்டுகிற சிவானந்தத்தின் தங்கைக்குச் சபாக்கில் கல்யாணம். மேளக்காரர்கள் கிடைக்கவில்லை.

"ஒண்ணு கேப்பேன் மிஸ். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அடுத்த சனிக்கெழம காலையில கொண்டுபோயி ஞாயிறு சாயங்காலம் கொண்டாந்துடுறேன். அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்ல. ஒரு சத்தமும் இல்லாம தாலி கட்டுனா நல்லாருக்காதேன்னு."

இந்த முறை தனியாகக் கேட்டார். மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்டார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாகக் கேட்கிற ஒருவரிடம் எப்படி இல்லை என்று சொல்வது?

"கொண்டுபோங்கள்" என்றேன். அவர் கண் கலங்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்கியிருந்தது. அந்த வருடம் ஒருவேளைச் சோற்றை விடுவதாக நேர்ந்துகொண்டேன். அப்பா பெருமைப்பட்டார். விட்ட வேளைக்கு உரிய அரிசியை அளந்து தனியாக வைத்தேன். எட்டு நாளில் இரண்டு சுண்டு, இரண்டு பால்டின் நிறைய, சேர்ந்தது. நோன்பில் மிச்சமாவதை எளியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ராஃபேல் சாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். நான் கொடுத்தேன்.

வயலினுக்கு இடுப்பு உண்டு. பெட்டியில் அந்த இடுப்புக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் இருக்கும். பழைய உள்பாவாடைத் துணியில் நீளமாக இரண்டு பை தைத்து, அரிசியை நிரப்பி, அந்த இடத்தில் பொருத்தி, மேலே வெல்வெட்டுத் துணியை விரித்தேன். அரிசியை வைத்தது நான். வேறு யாருக்கும் தெரியாது. பெர்னாடுக்கும் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரும் ரோசரியும் வந்தார்கள். ரோசரி அப்போது ஐந்து மாதம். பச்சைப் புடவை கட்டியிருந்தார். பெட்டியைக் கொடுத்தேன். அதுவரை நான் அவருக்கு வயலினைத்தான் கொடுத்திருந்தேன், பெட்டியைக் கொடுத்ததில்லை. அதன் கனம் அவருக்குத் தெரியாது.

"நல்ல கனமா இருக்கே மிஸ்."

"நல்ல மரம் அப்படித்தான். சபாக் போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள். வழியில் ஈரக்காற்றுப் பட்டால் மரம் உப்பிவிடும்."

"தெறப்பனா மிஸ்? ஒங்க பொட்டி."

எங்கள் வீட்டுப் படியிலிருந்து வாசல் தெரியும். நின்று பார்த்தேன். காவலர் "புக்கா" என்று பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னார். திறந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். பெர்னாட் திறக்க மறுத்தார். என்ன சொன்னார் என்பதை ரோசரிதான் பிறகு என்னிடம் சொன்னார். "இது எங்க மிஸ்ஸோட சாமான், வெளிக்காத்து படக் கூடாதாம், காவல் கொட்டாய்க்குள்ள வெச்சு, கதவச் சாத்திட்டுத் தெறங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அரிசி இருப்பது தெரிந்த ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே நடந்துகொண்டார். பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து பிடுங்க வேண்டியிருந்தது. அவர்களும் அவரும் இழுத்ததில் பூட்டு விட்டுப்போய், அரிசி செம்மண்ணில் கொட்டியது. மரியாதை தெரியாத ஒருவராக இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்கி வழியிலேயே திறந்து வாசித்துப் பார்த்திருப்பார் என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால், வாசல் முதலில் வந்துவிடுகிறது. எப்படியும் பலன் ஒன்றுதான்.

அன்று மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் அரிசி இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். "இரவல் கொடுத்த பிறகு பெட்டிக்குள் பார்ப்பது முறையில்லை" என்றேன். நீங்கள் "தெரியாது" என்று எழுதிக்கொண்டீர்கள். அது என் பதில் இல்லை. திறக்க வேண்டாம் என்று நானே சொன்னதாகப் பெர்னாட் சொல்கிறார் என்றீர்கள். ஆமாம் என்று சொல்லி, மரமும் ஈரப்பதமும் பற்றி விளக்கினேன். நீங்கள் அப்பாவிடம், "படிச்ச பிள்ளை. நிமிர்ந்துகூடப் பாக்கேல்லை. இதுகளைப் போய் இப்பிடி ஏமாத்துறாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனீர்கள். இன்ஸ்பெக்டர் அவர்களே, நான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதற்கும் உண்மைக்கும் தொடர்பில்லை.

வழக்கு நடக்கவில்லை. அவசரகாலச் சட்டத்தில் அது தேவைப்படுவதில்லை. அவரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வயலின் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஈஸ்டருக்கு நான்தான் வாசித்தேன். ஐந்து பாட்டும் பிழையில்லாமல் வந்தன. லோரியில் தாயம்மா பக்கத்திலிருந்தவரிடம், "இந்த வருசம் பூசை சுருக்க முடிஞ்சிருச்சு லா" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்காமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு வருடமாக ஒரு வேலை செய்துவருகிறேன். பெர்னாட் உயிர்ப்புப் பாட்டுக்கு முன்னால் சொந்தமாக வாசிப்பாரே, அந்த நாலு நிமிடம். அதை நான் ஆறு தடவை கேட்டிருக்கிறேன். நினைவிலிருந்து சுரம் சுரமாகத் தாளில் எழுதினேன். தினமும் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். அவருடைய அனுமதி கேட்க வழியில்லை. இந்த ஈஸ்டருக்கு அதை நானே வாசிக்கிறேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா?" என்றார்.

நேற்று ரோசரி வந்தார். இடுப்பில் பிள்ளை. பெண் பிள்ளை. பெர்னாட் அதை முகாமின் கம்பி வழியாக இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"இவர நாடு கடத்துறாங்களாம், வர்ற பெரிய வியாழக்கெழம கப்பலாம் மிஸ். போர்ட் சுவெட்டன்ஹாம்லேருந்து. பொறந்த சர்ட்டிபிகேட்டு இல்லையாம், அதுனால இவரு இந்த நாட்டு ஆளு இல்லையாம். அங்க எந்த ஊருன்னு கேட்டா இவருக்குச் சொல்லத் தெரியல. இவரு இங்கதான மிஸ் பொறந்தாரு, இதே லயத்துல."

நான் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டிக்குச் சொந்தக்காரங்க ஒரு காயிதம் எழுதிக் குடுத்தா கப்பல நிறுத்தி வெச்சு விசாரிக்கலாம்னு இன்ஸ்பெக்டரு சொல்றாரு. புதன்கெழமைக்குள்ள குடுக்கணுமாம். அரிசி எப்டி வந்துச்சுன்னு நீங்க எழுத வேணாம் மிஸ். அவரு வெக்கலைன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசரி படிக்காதவர், ஆனால் முட்டாள் இல்லை. ஒரு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் குரலை உயர்த்தவில்லை, படிக்குக் கீழேயே நின்றார், போதும் என்று கேட்டார். கணவருக்கும் மனைவிக்கும் ஒரே பழக்கம்.

"எழுதித் தருகிறேன்" என்றேன்.

சொன்னபடி எழுதியிருக்கிறேன். அவர் கேட்டதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறேன். பாதி உண்மையை எழுதிக் கொடுப்பது நன்றாக இருக்காது. இன்று குருத்து ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் பத்து மணிக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம்.

அதையும் யோசித்துப் பார்த்தேன். தொடங்கியிருப்பது பெரிய வாரம். பெரிய வாரத்தில் ஒருவருடைய மேசைக்கு முன்னால் போய் இப்படி ஒன்றை நீட்டுவது நாகரிகமாகப் படவில்லை. நீங்கள் இந்து என்பது எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. மேலும் விசாரணை என்று வந்தால் வயலினைச் சாட்சிப் பொருளாக நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த நாலு நிமிடத்தில் கடைசி அரை நிமிடம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தினமும் பழகினால் ஞாயிற்றுக்குள் வந்துவிடும்.

ஆகவே இதை உறையில் போட்டு ஒட்டி வைக்கிறேன். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, முதல் பஸ்ஸில் நானே வந்து உங்கள் கையில் கொடுப்பேன். உண்மையைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காது.